ரத்தாகாத விமானம்

குருகிராம்
6 அக்டோபர் 2024

அன்புள்ள பூரணி,

கையால் கடிதம் எழுதிப் பல வருடம் ஆகிறது. உறை வாங்கத் தபால் நிலையத்தைத் தேடிப் போனேன். கவுண்டரில் இருந்தவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். நீ என் நம்பரை பிளாக் செய்து எட்டு மாதம் ஆகிறது. அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நீ பக்கத்தில் இருப்பது எனக்குத் தெரிகிறது. தண்ணீர்க் குடம் வைக்கிற சத்தம் கேட்கும். அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அண்ணன் தங்கச்சி நீங்களே பேசிக்குங்க, என்னை நடுவுல இழுக்காதீங்க" என்றார்.

விஷயம் இதுதான். அப்பாவின் தலைத்திவசம் தேய்பிறைக் கணக்குப்படி ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை வருகிறதாம். சுப்பராயன் சித்தப்பா போன் செய்து, பெற்ற பிள்ளை உயிரோடு இருக்கும்போது அவன்தான் உட்கார வேண்டும், பெண்பிள்ளை கொள்ளி வைத்தது அன்றைக்கு வேறு வழி இல்லாமல் நடந்தது என்றார். நான் சரி என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கத்தான் இந்தக் கடிதம்.

என் மேல் உனக்கு என்ன கோபம் என்று எனக்கு முழுதாகப் புரியவில்லை. பனிமூட்டம் வந்து விமானம் ரத்தானால் நான் என்ன செய்ய முடியும்? விமானக் கம்பெனியில் வேலை செய்கிறவன் விமானத்தைக் கையில் வைத்திருக்கிறவன் இல்லை. டிக்கெட் விலை போடுகிற அறையில் உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள், அவ்வளவுதான்.

இங்கே நிலைமை சரியில்லை. எங்கள் கம்பெனியின் முப்பத்தொரு விமானங்களில் பதினொன்று இன்ஜின் கோளாறில் தரையில் நிற்கின்றன. நிற்கிற விமானத்துக்கும் மாத வாடகை டாலரில் போகிறது. ஸ்வேதா பிரிந்து போய் மூன்று வருடம் ஆகிறது, வீட்டுக்குப் போனால் பேச ஆள் இல்லை என்பதால் அலுவலகத்திலேயே இருந்துவிடுகிறேன். பதில் போடு.

கோபிநாத்


குடியாத்தம்
14 அக்டோபர் 2024

திரு. கோபிநாத் அவர்களுக்கு,

அண்ணா என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள்.

உன் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்தபோது அம்மா பயந்துவிட்டாள். கோர்ட்டு நோட்டீஸ் என்று நினைத்தாளாம். நான் ஆம்பூருக்குக் கம்பெனி பஸ்ஸில் போகும்போது படித்தேன். பக்கத்து சீட்டு நந்தினி எட்டிப் பார்த்து, இந்தக் காலத்தில் யாரடி கடிதம் எழுதுகிறார்கள், லவ் லெட்டரா என்றாள். என் அண்ணன், விமானக் கம்பெனியில் பெரிய வேலை என்றேன். அவளுக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் ஷூ கம்பெனியில் யாசிர் என்று ஒருவன். வெளிநாட்டு ஆர்டர் பார்க்கிறவன். நான் ஒரு ஜோடிக்கு அடக்க விலை போட்டுக் கொடுத்தால் அதை எடுத்துக்கொண்டு போய் வாங்குகிறவர்களிடம் பேசுவான். அவன் பிப்ரவரி முதல் வாரம் நொய்டாவில் ஒரு மீட்டிங் போய்விட்டு, இரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்து விமானத்தில் டெல்லியிலிருந்து சென்னைக்கு வந்தான். உங்கள் கம்பெனி விமானம்தான், நீ வருவதாக அம்மாவிடம் சொன்ன அதே முதல் விமானம். அப்பா காரியத்துக்குத் துக்கம் கேட்க வந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னான். பனியும் இல்லை, ஒன்றும் இல்லை, ஐந்து நிமிடம் முன்னாலேயே இறங்கிவிட்டோம் என்றான்.

ரத்தான விமானத்தில் யாசிர் எப்படி வந்தான்?

இதைத்தான் எட்டு மாதமாகக் கேட்க நினைத்தேன். போனில் கேட்டால் நீ ஏதாவது சொல்வாய், நான் கத்துவேன், அம்மா அழுவாள். அதனால் எழுதிக் கேட்கிறேன். நீ அன்றைக்கு ஏன் நேரத்துக்கு வரவில்லை? உண்மையை எழுது. அது வராமல் நீ மனையில் உட்காருவதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சித்தப்பா என்ன, ஊரே வந்து சொன்னாலும் சரி. கொள்ளி வைத்தவள் நான். உட்கார எனக்கும் தெரியும்.

பூரணி


குருகிராம்
3 நவம்பர் 2024

அன்புள்ள பூரணி,

தீபாவளிக்கு வர முடியவில்லை. முதல் வருடம் பண்டிகை இல்லை என்று அம்மாவும் சொல்லிவிட்டார். பண்டிகை நாட்கள்தான் எங்களுக்கு அறுவடை. அந்த ஒரு வாரம் வருவதை வைத்துத்தான் அடுத்த இரண்டு மாதம் ஓடும்.

விமானம் ரத்தாகவில்லை. யாசிர் சொன்னது சரி. எனக்கு இடம் கிடைக்கவில்லை, அதுதான் நடந்தது. எங்களுக்கு இலவச டிக்கெட் உண்டு. ஆனால் அது காலி இடம் இருந்தால் மட்டும் ஏறலாம் என்கிற டிக்கெட். காசு கொடுத்து வாங்கியவர்கள் எல்லாரும் ஏறிய பிறகு மிச்சம் இருந்தால் எங்களைக் கூப்பிடுவார்கள். அன்று மிச்சம் இல்லை. அடுத்ததில் இல்லை. அதற்கும் அடுத்ததில் கிடைத்தது. நம் வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி நாலு ஐம்பது. சித்தப்பாதான் முதலில் வந்து என் தோளைப் பிடித்தார். "பனியாமே, ஃப்ளைட் கேன்சலாமே, நீ இன்னாடா பண்ணுவ" என்றார். நான் தலையாட்டினேன். இடம் கிடைக்கவில்லை என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? பனிக்காலம் என்பதால் அவர்களாகவே அப்படி நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

இது பொய்தான். பெரிய பொய் என்று அப்போது தோன்றவில்லை.

உனக்கு அடக்க விலை தெரியும் என்பதால் சொல்கிறேன். உங்கள் ஷூ இன்று விற்காவிட்டால் நாளை விற்கும், கோடவுனில் இருக்கும். எங்கள் சீட்டு கதவு சாத்தும்வரைதான் சரக்கு. சாத்திவிட்டால் அதற்கு விலை பூஜ்யம். எரிபொருள், வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் அந்த சீட்டு காலியாகப் போனாலும் ஆகத்தான் போகிறது. அதனால் கடைசி சீட்டை எந்த விலைக்கு விற்றாலும் லாபம் என்று ஒரு பேச்சு எங்கள் தொழிலில் உண்டு. எல்லாரும் அப்படியே நினைத்து எல்லா சீட்டையும் விற்றால் யாருக்கும் லாபம் வராது. ஒரு டிக்கெட்டில் கம்பெனிக்கு நிற்பது நல்ல மாதத்தில் ஒரு காப்பி விலை. கெட்ட மாதத்தில் அதுவும் இல்லை. பெட்டிக்குக் கட்டணம், ஜன்னலுக்குக் கட்டணம், தண்ணீருக்குக் கட்டணம் என்று வாங்கித்தான் ஓடுகிறது.

உட்காரும் விஷயத்தில் உன் முடிவைச் சொல்.

கோபிநாத்


குடியாத்தம்
12 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

பாதி உண்மை எழுதியதற்காகப் பாதி மரியாதை. அன்புள்ள என்று போடவில்லை பார்.

கேட்ட கேள்விக்குப் பதில் ஆறு வரி, கம்பெனிக் கணக்கு பத்து வரி. சின்ன வயதிலும் நீ இப்படித்தான். கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டுக் கண்ணாடி எப்படிச் செய்கிறார்கள் என்று விளக்குவாய்.

எனக்கும் கணக்கு போடத் தெரியும். அம்மா உனக்குப் போன் செய்தது வியாழக்கிழமை ராத்திரி ஏழு இருபதுக்கு. யாசிரிடம் மறுபடி கேட்டேன். அவன் டிக்கெட் எடுத்தது அன்று ராத்திரி பத்து மணிக்கு. மீட்டிங் சீக்கிரம் முடிந்ததால் ஒரு நாள் முன்னால் கிளம்பினானாம். கடைசி நேரம், பத்தாயிரம் ஆகும் என்று பயந்து பார்த்தால் இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது. "அக்கா, ஏதோ தப்பா காட்டுதுன்னு நெனச்சி அவசரமா புக் பண்ணேன்" என்றான். பில்லைக்கூடப் போனில் காட்டினான்.

அப்படியானால் பத்து மணிக்கு அந்த விமானத்தில் இடம் இருந்தது. உனக்கு ஏழு இருபதுக்கே தெரியும். யாசிருக்குக் கிடைத்தது உனக்கு ஏன் கிடைக்கவில்லை? காசு கொடுத்து வாங்கினால் உன்னை ஏற்றமாட்டார்களா? நடுவில் எட்டு மணிக்கு ஒரு விமானம் இருந்திருக்கிறது. அதில் ஏறியிருந்தால் இரண்டு மணிக்கு வீட்டில் இருந்திருப்பாய்.

அப்பா ஐந்து வருடம் படுக்கையில் இருந்தார். பக்கவாதம் வந்த பிறகு அவர் பேச்சில் எனக்குப் புரிந்தது பாதிதான். உன் பெயர் மட்டும் நன்றாகப் புரியும். நீ வருடத்துக்கு இரண்டு முறை வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போவாய். அப்போதெல்லாம் நான் ஒன்றும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். நழுவாதே.

அம்மா உன்னை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அவளுக்கு இந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. யார் வந்தாலும் "பாவம் எம்புள்ள, ஃப்ளைட் கேன்சலாயிட்ச்சி" என்றுதான் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பூரணி


குருகிராம்
8 டிசம்பர் 2024

அன்புள்ள பூரணி,

இதை நாலு முறை எழுதிக் கிழித்தேன். நல்லவிதமாகச் சொல்ல ஏதாவது வழி இருக்கும் என்று பார்த்தேன். இல்லை.

அம்மா போன் செய்தபோது நான் என் மேசையில் இருந்தேன். சரிம்மா என்றேன். காலை முதல் விமானத்தில் கிளம்பி வருகிறேன் என்றேன். போனை வைத்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லவில்லை. காலை ஆறு பத்து விமானத்தின் காத்திருப்புப் பட்டியலில் என் பெயரைப் போட்டேன். முதல் பெயர் என்னுடையது. இருபத்து மூன்று சீட்டு காலியாக இருந்தது, கவலையே இல்லை. நான் இந்தக் கம்பெனியில் சேர்ந்து பதினான்கு வருடத்தில் ஒருமுறைகூடக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியதில்லை. எங்களில் யாருமே வாங்கமாட்டார்கள். அந்த யோசனையே எழாது.

ஒன்பதரைக்கு மேலதிகாரியிடமிருந்து செய்தி வந்தது. அந்த வாரம் முதலீடு செய்கிற ஒரு குழு கணக்கைப் பார்க்க வருகிறது, எல்லா விமானமும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருக்க வேண்டும் என்று. தெற்குப் பக்க விமானங்கள் என் பொறுப்பு. ஒவ்வொன்றாகத் திறந்தேன். சென்னை ஆறு பத்து, இருபத்து மூன்று காலி. விலையை இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கு இறக்கினேன். அடுத்தது கோயம்புத்தூர். அடுத்தது மதுரை.

யாசிருக்கு அந்த விலை காட்டியது ஒரு தப்பும் இல்லை. நான் போட்ட விலை.

அதில் நான்தான் போக வேண்டும் என்பது என் மனதில் சேரவே இல்லை, பூரணி. இதை நீ நம்பவேண்டியதில்லை. காலி சீட்டு என்றால் எனக்கு அது ஒரு எண். அதைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான் தெரியும். கொஞ்ச நேரத்தில் இருபத்து மூன்றும் விற்றுவிட்டன. நான் வீட்டுக்குப் போய் ஒரு சட்டை, ஒரு வேட்டி எடுத்து வைத்துக்கொண்டு விமான நிலையம் போனேன்.

அங்கே கேட்டில் ஹெலன் என்று ஒரு தமிழ்ப் பெண். காட்பாடிக்காரி. என்னைத் தெரியும். ஃபுல்லாகிவிட்டது சார் என்றாள். பிறகு அவளாகவே, "அவசரமா சார்? சொல்லுங்க, கேப்டன்கிட்ட கேட்டு காக்பிட்ல ஒரு சீட்டு வாங்கித் தர்றேன்" என்றாள். அப்பா இறந்துவிட்டார் என்று சொன்னால் போதும். விமானத்தையே நிறுத்தி ஏற்றியிருப்பாள்.

"இல்லம்மா, பரவாயில்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாயைத் திறந்தால் அதுதான் வந்தது. அப்பா இறந்துவிட்டார் என்பதை அதுவரை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்தது எட்டு ஐந்து விமானம். அதில் ஆறு சீட்டு இருந்தது, இலவச டிக்கெட்காரர்களுக்கு இல்லை, எடை அதிகம் என்று அடைத்திருந்தார்கள். காசு கொடுத்தால் கிடைக்கும். பதினெட்டாயிரத்து நானூறு. என்னிடம் பணம் இல்லாமல் இல்லை. போனில் கார்டு நம்பர்கூட இருந்தது, ஒரு விரல் வைத்தால் முடிந்தது. நான் அந்தத் தொகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தத் தொகை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். போன வருடம் ஒரு கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த நவநீதன் என்கிற பையன், கடைசி நாளில் பதினெட்டாயிரம் கொடுத்து யார் சார் வாங்குவார்கள் என்று கேட்டான். சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் வாங்குவார்கள், அவர்கள் விலை பார்க்கமாட்டார்கள் என்று நான் பதில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

அந்த சீட்டுக்கு ஆகிற செலவு நாலாயிரத்துச் சொச்சம். பாக்கி முழுக்க வாங்குகிறவனின் அவசரத்துக்குப் போட்ட விலை. நான் ஏமாற மாட்டேன் என்பதுபோல ஏதோ ஒன்று எனக்குள் இருந்தது. அப்பா அங்கே ஐஸ் பெட்டியில் இருக்கிறார், நான் இங்கே விலை நியாயமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏழே காலுக்கு விற்பனை மூடியது. பத்து ஐம்பது விமானத்தில் ஓசியில் இடம் கிடைத்தது. ஒன்று நாற்பதுக்கு சென்னையில் இறங்கி உனக்குச் செய்தி போட்டேன், ஐந்துக்குள் வந்துவிடுவேன் என்று. சாவு வீட்டில் போனை யார் பார்ப்பார்கள், நீ பார்த்திருக்க மாட்டாய்.

இதுதான் உண்மை. நீயே உட்கார். சித்தப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதையும் நீயே முடிவு செய்.

கோபிநாத்


குடியாத்தம்
29 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. உடனே எழுதியிருந்தால் உன்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். முதலில் அப்படித்தான் ஒரு கடிதம் எழுதினேன். அப்பா கண்டக்டராக இருந்த நாளில் காலை ஆறே கால் வேலூர் வண்டியில் யாராவது கையில் சாவு வீட்டு மாலையோடு ஏறினால் அவர்களிடம் டிக்கெட் கேட்கமாட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் போய்விடுவார். செக்கிங் ஏறினால் சொந்தக் காசைப் போட்டுக் கிழித்துக் கொடுப்பார். அவர் மகன் அவர் சாவுக்கே விலை போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான் என்று எழுதினேன். நன்றாக வந்திருந்தது. அப்பாவை மகாத்மாவாக்கவும் இஷ்டமில்லை, தேங்காய் மூட்டைக்கு லக்கேஜ் போடுவதில் அவர் எமன்.

அந்தக் கடிதத்தை அனுப்பவில்லை. அனுப்ப எனக்கு யோக்கியதை இல்லை.

நீ எழுதியிருக்கிறாய், பனி என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது என்று. யாரும் தானாக நினைக்கவில்லை. நான் சொன்னேன்.

உன் செய்தியை நான் பார்த்தேன். ஒன்று நாற்பத்திரண்டுக்கு. "இறங்கிட்டேன், அஞ்சுக்குள்ள வந்துடுவேன்." அப்போது வாசலில் பந்தலில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை, மூன்றிலிருந்து நாலரை வரை எமகண்டம். சித்தப்பா, "நாலரைக்கு மேல எடுத்தாலும் பொழுது இருக்கு, புள்ள வந்துடுவான், இருக்கலாம்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் போனை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்து, "அவன் வரல. பனியில ஃப்ளைட் கேன்சல். மூணுக்குள்ள எடுத்துடலாம்" என்றேன்.

அழுதுகொண்டு சொல்லவில்லை. பால்காரனுக்கு நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொன்னேன்.

கொள்ளிச்சட்டியை யார் தூக்குவது என்று பேச்சு வந்தது. சித்தப்பா மகன் என்றார்கள். நான் தூக்குகிறேன் என்றேன். பெண்பிள்ளை சுடுகாட்டுக்கு வருவதா என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், நான் முறைத்ததும் அடங்கிவிட்டார்கள். ஆற்றங்கரைக்கு நான்தான் முன்னால் நடந்தேன். நீ அப்போது காவேரிப்பாக்கத்தையோ வாலாஜாவையோ தாண்டி வந்துகொண்டிருந்திருப்பாய்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்பாய். ஐந்து வருடம் அவருக்கு மலம் அள்ளினேன், சோறு ஊட்டினேன், முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்தேன். உயிர் போகும்போது அவர் கை என் கையில் இருந்தது. மறுநாள் காலை எல்லாரும், கோபி வரட்டும், கோபி வந்தால்தான் என்றார்கள். ஒருத்தர்கூட என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் செய்தி வந்தவுடன் எனக்கு ஒன்றுதான் தோன்றியது. இவன் ஐந்து மணிக்கு வந்து இறங்கி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

நீ வந்து நின்று அந்தப் பொய்க்குத் தலையாட்டியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சொன்ன பொய்க்கு இவன் ஏன் தலையாட்டுகிறான்? என்னைக் காப்பாற்றுகிறானா, தன்னைக் காப்பாற்றுகிறானா? இதைத் தெரிந்துகொள்ளாமல் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிளாக் செய்தது அதனால்தான். உன் மேல் இருந்த கோபம் என்று ஊர் நினைத்துக்கொண்டது, நானும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

யாசிரை வைத்து உன்னைக் குறுக்கு விசாரணை செய்தேனே, அது வெட்கமில்லாத வேலை. அவன் சொல்லாமலே எனக்குத் தெரியும், ரத்து என்பது நான் கட்டிவிட்ட கதை.

நீயே உட்கார். உன் இடத்தை நான் பிடுங்கினேன்.

பூரணி


குருகிராம்
8 ஜனவரி 2025

அன்புள்ள பூரணி,

கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். கோபம் வரவேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு நாள் முழுக்க எதிர்பார்த்தேன். எட்டு ஐந்து விமானத்துக்கு நான் பணம் கட்டியிருந்தால் இரண்டு மணிக்கு அங்கே இருந்திருப்பேன், நீ பொய் சொல்ல இடமே இருந்திருக்காது. அதையே சுற்றிச் சுற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். கோபம் உன்னிடம் வந்து சேரவே மாட்டேன் என்கிறது.

கம்பெனி பிழைக்காது போலிருக்கிறது. முதலீட்டுக் குழு போன மாதமே கையை விரித்துவிட்டது. அந்தத் தொண்ணூறு சதவீதத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, நிரம்பியிருக்கிறது சரி, எவ்வளவுக்கு நிரம்பியது என்று கேட்டார்களாம். ஒன்பது விமானங்களை வாடகைக்கு விட்டவர்கள் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். மிச்சத்தைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கும் என்கிறார்கள். இந்த நாட்டில் கடைசியில் இரண்டு பேர்தான் நிற்பார்கள், அப்போது குறைந்த விலை என்பது பெயரில் மட்டும் இருக்கும். என் வேலையை இப்போது ஒரு மென்பொருள் செய்கிறது. நிமிடத்துக்கு நிமிடம் விலையை மாற்றுகிறது. என்னைவிட நன்றாகவே செய்கிறது. மார்ச்சுக்கு மேல் எனக்கு இங்கே நாற்காலி இருக்காது. அதிலும் எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

இருபதாம் தேதி ரயிலில் காட்பாடி வருகிறேன். யார் உட்காருவது என்று நாம் எழுதிக்கொள்ள வேண்டாம்.

கோபிநாத்


குடியாத்தம்
27 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணா,

நீ ஊர் போய்ச் சேர்ந்ததாக அம்மா சொன்னாள். உன் நம்பரைத் திறந்துவிட்டேன். இருந்தாலும் இதை எழுதித்தான் சொல்ல வேண்டும், போனில் வராது.

அன்று காலை மனை போட்டு, ஐயர் உன்னைக் கூப்பிட்டு, சித்தப்பா உன் தோளில் துண்டைப் போட்டு எல்லாம் ஆன பிறகு நீ எழுந்துகொள்வாய் என்று நான் நினைக்கவில்லை. "கொள்ளி வெச்சவ அவதான் சித்தப்பா. அவளே உக்காரட்டும். நான் அன்னிக்கு லேட்டா வந்தவன்" என்றாய். லேட்டா வந்தவன் என்று நீ சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பனிக்கு இவன் என்ன செய்வான் என்று சித்தப்பா திரும்பவும் ஆரம்பித்தார். நான் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். நீ பின்னால் நின்றது தெரிந்தது. நாம் இரண்டு பேரும் அன்றைக்குச் சாப்பிட்டாயா, ரயில் எத்தனை மணிக்கு என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. அதுவே போதும் என்று இருந்தது.

நீ கிளம்பிய மறுநாள், பாத்திரங்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நான் சொன்ன பொய்யை மட்டும். உன் பதினெட்டாயிரத்தைச் சொல்லவில்லை, அது உன்னுடையது. மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும். எனக்கும்தான் போன்ல பேசி அனுப்பியிருந்தான், எறங்கிட்டேம்மா, அஞ்சுக்குள்ள வந்துடுவேன்னு. அதைக் கேட்டுட்டுதான் உள்ள உக்காந்திருந்தேன்" என்றாள்.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ சட்டியைக் கையில எடுத்துட்ட. அஞ்சு வருஷம் அவரை அள்ளிப் போட்ட கை. கீழ வையின்னு நான் எந்த வாயால சொல்றது?"

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு உலையில் தண்ணீர் கொதிக்கிறதா பார் என்றாள். போய்ப் பார்த்தேன். அடுப்படியில் நின்றுகொண்டு வெகுநேரம் அழுதேன். அப்பா போனதற்கு நான் அழுதது அதுதான் முதல் தடவை.

இதை உனக்கு எழுதலாமா என்று ஐந்து நாள் யோசித்தேன். உன் குரலை அம்மா கேட்டாள், நீ வந்துகொண்டிருக்கிறாய் என்று தெரிந்தே, உனக்காக ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தாள். உன்னை விட்டுவிட்டு என்னை எடுத்துக்கொண்டாள் என்று நீ நினைத்துவிடுவாயோ என்று பயமாக இருந்தது.

நினைத்துக்கொள் அண்ணா. அன்றைக்கு அவள் செய்தது அதுதான்.

பூரணி